ஒரு வாளி ஓதம்

எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரை நானும் மனைவியும் ஒரே கேள்வியோடுதான் எட்டிப் பார்ப்போம். அஷ்டமி என்றைக்கு? அன்று அவள் புதிதாக எதையும் தொடங்க மாட்டாள். நான் நண்டுத் தொட்டிக்கு அரை வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வேன். அமாவாசை, பௌர்ணமி என்றால் முழு வாளி. மற்ற நாள்களில் வெறும் மண்ணாகக் கிடக்கும் மேட்டின் விளிம்புவரை அன்று தண்ணீர் ஏற வேண்டும். அவளுடைய அஷ்டமிக்குச் சாத்திரம் சாட்சி. என்னுடையதற்கு எங்கள் பால்கனியே சாட்சி. பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கும் கடல், அமாவாசையை ஒட்டிய நாள்களில் எவ்வளவு தூரம் உள்வாங்கிச் சேற்றைக் காட்டுகிறது, அஷ்டமியை ஒட்டி எப்படிச் சோம்பிக் கிடக்கிறது என்பதை அங்கிருந்தே பார்க்கலாம்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன் குனிந்து, "மீன் எங்கேங்க?" என்றுதான் கேட்பார்கள். மீன் இல்லை. பாதிக்கு மேல் தண்ணீரே இல்லை. சரிவாக ஏறும் மணல், அதில் விரல் நுழையும் அளவில் வளைகள், வளைந்து நெளிந்த இரண்டு வேர்க்கட்டைகள், காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைகள். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு வளையிலிருந்தும் ஒரு ஜோடிக் கண் முளைக்கும். அந்த ஐந்து நிமிடம் உட்காராதவர்களுக்கு இது ஒரு மண்தொட்டி.

நான் தொடங்கியது தப்பாகத்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மீன்கடையில், கப்பி மீன்களுக்கு நடுவில் கருஞ்சிவப்புக் கொடுக்கோடு இரண்டு சின்ன நண்டுகள் இருந்தன. "நல்ல தண்ணி நண்டு அங்கிள், மீனோட விடலாம்" என்றான் கடைப் பையன். வாங்கி வந்து விட்டேன். அன்று முதல் அவை தண்ணீருக்குள் இருந்ததைவிட ஃபில்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு, மூக்களவு காற்றில் நீட்டி நின்றதுதான் அதிகம். வேடிக்கை பார்க்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதம் ஒன்று சட்டை உரிக்கும்போது பாதியில் நின்றுபோய்ச் செத்தது. பத்து நாள் கழித்து மற்றதும் அப்படியே.

அவை வேடிக்கை பார்க்கவில்லை, வெளியே போக வழி தேடியிருக்கின்றன. கடைகளில் சிவப்புக் கொடுக்கு நண்டு என்று விற்பவை செசார்மிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. சதுப்புநிலக் காட்டின் வேர்களுக்கிடையே வாழ்கிறவை. செவுளில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதை வாய்க்கு மேலே வழியவிட்டு, கன்னத்தில் வலை பின்னியது போல இருக்கும் நுண்மயிர் வழியாக ஓடவிட்டு, காற்றை ஏற்றி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கரையில் உலாவும் வித்தை அது. நல்ல தண்ணீரில் போட்டால் உடனே சாகாது, அங்கேதான் ஏமாந்துபோகிறோம். இரத்தத்தில் இருக்கும் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்க, அதைத் திரும்ப இழுப்பதிலேயே அதன் பலம் போகும். சட்டை உரிக்கும் நாளில் கையிருப்பு இருக்காது.

பாலிக் புலாவ் பக்கம் கோலா சுங்கை பினாங்கு என்று ஒரு மீனவக் கம்பம் இருக்கிறது. (எங்கள் ஜெலுத்தோங்கை ஒட்டி ஓடும் சுங்கை பினாங்கு வேறு. பெயர்தான் ஒன்று, அந்த ஆறு எப்படி நாறும் என்பது ஜார்ஜ்டவுன்காரர்களுக்குத் தெரியும்.) அங்கே படகுத்துறையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) செத்த நண்டுகளின் கதையைச் சொன்னேன். சிரித்தார். தண்ணீர் வற்றிக் கிடந்த சேற்றைக் காட்டி, "அண்ணே, இதுங்க தண்ணியில வாழல. தண்ணி வந்து போற இடத்துல வாழுது" என்று மலாயில் சொன்னார். அன்றைக்கு அது ஏதோ பழமொழி போலப் பட்டது. அது செய்முறைக் குறிப்பு என்று புரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த இரண்டு வருடமும் உப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். முதலில் சமையல் உப்பு. அதைச் செய்யாதவர் யார்? கடல் நீர் என்பது வெறும் சோடியம் குளோரைடு இல்லை. ஒரு லிட்டர் முழுக்கடல் நீரில் 35 கிராம் அளவு உப்பு இருந்தால், அதில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம், அதைப்போல மூன்று மடங்கு மக்னீசியம். நண்டின் ஓட்டுக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் இருக்கிறது. ஆகவே கடல் மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் உப்பு மூட்டைதான். நான் வைத்துக்கொள்வது லிட்டருக்கு 12 கிராம், அதாவது கடலில் மூன்றில் ஒரு பங்கு. உப்புமானியில் 1.009 காட்டும். 1.008க்கும் 1.011க்கும் நடுவில் எங்கே நின்றாலும் நான் கவலைப்படுவதில்லை. கழிமுகத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் அந்தக் கணக்கெல்லாம் ஒரு மணி நேரத்தில் தலைகீழாகிவிடும். நண்டுகள் அதற்குப் பழகியவை.

உப்புமானியை மட்டும் நம்பினாலும் மோசம்தான். முள் ஆடும் மலிவு வகையில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் போதும், முள் மேலே போய் உப்பு அதிகம் என்று பொய் சொல்லும். இன்னொரு தப்பு என் சோம்பலால் வந்தது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகையால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சரியாகத்தான் ஊற்றினேன், ஆனால் ஓரமாக, மெதுவாக, கலக்காமல். மேலே அளந்தால் உப்பே இல்லை. பதறிப்போய் உப்பைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் கலங்கியபோது பார்த்தால் அளவுக்கு மேல் ஏறிக் கிடந்தது. உப்புநீர் கனம், நல்ல நீர் லேசு. கலக்கிவிடாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். பினாங்கு தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் ஏரி இதற்குத்தான் பெயர்பெற்றது: அடியில் கடல் நீர், மேலே மலையிலிருந்து இறங்கும் நல்ல நீர், இரண்டும் சேராமல் அடுக்காக நிற்கும். தெலுக் பஹாங்கிலிருந்து வியர்க்க வியர்க்க நடந்து போய் அந்த ஏரியைப் பார்த்துப் படமெல்லாம் எடுத்தவன் நான். வீட்டில் அதே ஏரியை நானே உண்டாக்கி வைத்திருந்தது தெரியவில்லை.

உப்பு சரியான பிறகு, மறுபடி வாங்கி விட்ட நண்டுகள் வாழ்ந்தன, அவ்வளவுதான். வளைக்குள்ளேயே கிடந்தன. பாக்சிக் தன் துறை ஓரத்துச் சேற்றிலிருந்து பிடித்துக் கொடுத்த ஆறு பிடில் நண்டுகளும் அப்படித்தான். பிடில் நண்டின் ஆணுக்கு ஒரு கொடுக்கு தன் உடம்பளவு பெரிதாக இருக்கும். சின்னக் கொடுக்கு மண்ணுக்கும் வாய்க்குமாகப் போய்வரும்போது பெரியதன் குறுக்கே வில் இழுப்பது போலத் தெரியும். சேற்றில் பார்த்தால் அத்தனை ஆணும் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண்ணே வா, எதிரியே போ, இரண்டுக்கும் அதே ஆட்டம். என் தொட்டியில் ஒருவனும் கையைத் தூக்கவில்லை.

எங்கள் அம்மா மழைக்காலத்தில் சுவரைத் தடவிப் பார்த்து, "ஓதம் ஏறிருச்சு" என்பார். சுவரில் கசியும் ஈரத்துக்குப் பெயர் ஓதம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கடல் ஏறி இறங்குவதற்கும் அதுதான் பழைய பெயர் என்பது பின்னால்தான் தெரிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்த தாத்தாவிடமிருந்து அந்தச் சொல் வந்திருக்க வேண்டும். கடல் எங்கோ உதிர்ந்துபோய் ஈரம் மட்டும் அம்மாவிடம் தங்கியிருக்கிறது. பாக்சிக் சொன்ன "தண்ணி வந்து போற இடம்" எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் உறைத்தது. என் தொட்டியில் உப்பு இருந்தது. ஓதம் இல்லை.

செய்தது எளிது. சோயா சாஸ் வந்த 18 லிட்டர் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டு ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைத் தொட்டியின் அடிப்பகுதியில் விட்டேன். பால்கனிக் கூரைக் கொக்கியில் கிணற்று ராட்டினம் போல ஒரு கப்பி. வாளியை மேலே இழுத்தால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும். கீழே விட்டால் தொட்டியிலிருந்து வாளிக்குத் திரும்பும். குழாய் வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டாவிட்டால் நண்டும் கூடவே போய்விடும். முழு வாளிக்குத் தண்ணீர் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் உயரும். பினாங்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவெள்ள நாளில் கடல் இரண்டு மீட்டர் அளவு ஏறி இறங்கும் இடத்தில் இது என்ன? கட்டைவிரல் அளவு. ஆனால் ஒரு அங்குல நண்டுக்கு அது வீடு மூழ்கும் வெள்ளம்.

மூன்றாம் நாள் வாளியை இறக்கிவிட்டு, ஈர மணல் மினுமினுத்துக்கொண்டிருந்தபோது, முதல் கொடுக்கு எழுந்தது. பிறகு அடுத்தது. நான் மனைவியைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அவள் ஓடி வந்தாள்.

அதற்குப் பின் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். பம்பும் டைமரும் வாங்கி, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஏற்றம் என்று பொருத்திவிட்டேன். வேலை மிச்சம். ஆனால் கடல் அப்படி ஆறு மணிக்கு ஆறு மணி வருவதில்லை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம். இன்று ஏழு மணிக்கு வந்த வெள்ளம் நாளை 7.50க்குத்தான் வரும். சந்திரன் நாளுக்கு நாள் தாமதமாக எழுவதால் வரும் தாமதம் அது. நண்டுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே இருக்கிறது. 1948இல் அமெரிக்காவில் ஃபிராங்க் பிரௌன், மார்கரீட் வெப் என்ற இருவர் பிடில் நண்டுகளை மாறாத இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். பகலில் கருத்து இரவில் வெளுக்கும் அதன் நிறம், வெளிச்சமே இல்லாவிட்டாலும், வெப்பத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், நேரம் தவறாமல் மாறிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து எடுத்துவந்து ஓதமே இல்லாத பாத்திரத்தில் வைத்தாலும் அவை பல நாள்களுக்கு ஊர்க் கடலின் ஏற்ற இறக்கத்தையொட்டியே நடமாடுகின்றன என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. என் டைமர் ஒரு நேரம் சொல்ல, அவற்றின் இரத்தம் வேறு நேரம் சொல்லியிருக்கும். எங்கள் துறைமுகத்தில் நைட் ஷிப்டு பார்த்த அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. டைமரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தேன். ஓய்வுபெற்றவன், வேறு என்ன வேலை? இரவு இரண்டு மணி ஏற்றத்துக்கு எழுந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்புக் கொடுக்கையும் பிடிலையும் ஒரே தொட்டியில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விடாதீர்கள். நான் விட்டேன். சட்டை உரித்து மெத்தென்று கிடந்த பிடில் ஒன்றைக் காலையில் பாதிதான் பார்த்தேன். இப்போது இரண்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. சிவப்புக் கொடுக்கில் ஒரு ஆண்தான், இரண்டு பெண். இரண்டு ஆணுக்கு மூன்றடித் தொட்டி போதாது. அவற்றுக்குப் பினாங்குத் தீவே போதாது என்பது என் சந்தேகம். ஒரு தடவை பிடில் ஆண் ஒன்று சண்டையில் பெரிய கொடுக்கை உதறிவிட்டது. எதிர்ப்பக்கச் சின்னக் கொடுக்கு இனிப் பெரிதாகும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் காத்திருந்தேன். தப்பு. இழந்த பக்கத்திலேயே, அடுத்தடுத்த உரிப்புகளில் அதே கொடுக்கு முளைத்தது. நீளம் பழையபடிதான், ஆனால் ஒல்லி, பல்வரிசை சரியில்லை. சில இனங்களில் இப்படி முளைத்த கொடுக்கு சண்டைக்கு உதவாது, ஆனால் எதிரிக்கு வித்தியாசம் தெரியாதாம். இவனும் அந்த அட்டைக்கத்தியை ஆட்டியே இரண்டு வருடம் ராஜாவாக இருந்தான்.

"நண்டு கொழுத்தால் வளையில் இராது" என்கிறோம். வளர்ப்பவனுக்கு அந்தப் பழமொழி நேர்மாறு. கொழுத்த நண்டு சாப்பாட்டை விட்டுவிட்டு வளைக்குள் போய் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். உரிப்பு நெருங்குகிறது என்று அர்த்தம். அப்போது தோண்டிப் பார்க்கக் கூடாது. கையை அடக்கிக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை. ஓட்டின் பின்விளிம்பு பிளந்து, நண்டு பின்பக்கமாகவே தன்னை உருவிக்கொள்ளும். கண்காம்பு, செவுளின் மேல்தோல், வயிற்றின் உள்பூச்சு உட்பட. பிறகு தண்ணீரைக் குடித்து உப்பிப் பெரிதாகும். விட்டுப்போன சட்டை முழு நண்டு மாதிரியே கிடக்கும். என் பேத்தி ஒருமுறை அதற்கு அழுதே தீர்த்தாள். "தாத்தா, அது வாசம் வருதா பாரு. வாசம் இல்லன்னா சாகல" என்று இப்போது அவளே வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். சட்டையை எடுத்து எறியாதீர்கள். நண்டு அதைத் தின்று சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். போதாததற்கு லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். கணவாயின் உள்ளோடு அது. ஒரு துண்டு எப்போதும் மணலில் கிடக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ந்த கெத்தாப்பாங் இலை, வாரம் ஒருமுறை வேகவைத்த கீரை, எப்போதாவது ஒரு சின்ன இறால் துண்டு. கடையில் விற்கும் குளிகைகளை என் நண்டுகள் பிறத்தியார் வீட்டுச் சாம்பார் போல மரியாதைக்குத் தொட்டுவிட்டு ஒதுக்கிவிடும்.

விஷத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு. அதனால்தான் அது நீலச் சாயல். அதே செம்பு தண்ணீரில் கரைந்திருந்தால் கொன்றுவிடும். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கும், புட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். அதைவிட மோசம் கொசுமருந்து. பூச்சிக்குச் செய்த விஷம் பூச்சியின் பங்காளியை விட்டுவைக்குமா? எங்கள் புளோக்கில் டெங்கி என்று ஒரு சாயங்காலம் புகை அடித்தார்கள். முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான்தான் கல்யாணத்துக்குப் போன இடத்தில் மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நான்கு பிடில்கள் மல்லாந்து, கால் மட்டும் தந்தி அடிப்பது போலத் துடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் முழுவதையும் மாற்றியும் ஒன்றுதான் பிழைத்தது. இப்போது தொட்டிக்கு ஒரு பழைய மழைக்கோட்டுத் துணி மூடி தைத்து வைத்திருக்கிறேன்.

ஐங்குறுநூற்றில் 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி உண்டு. கள்வன் என்றால் நண்டு. நெய்தல் பாட்டுகளிலோ பெண்கள் கரையில் அலவனைத் துரத்தி விளையாடுவார்கள். நண்டைத் தின்பதையும் தாண்டி அதோடு பொழுதுபோக்குவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அவர்கள் துரத்திய நண்டு அன்றே தன் வளைக்குப் போயிருக்கும். நான் பிடித்து வைத்திருக்கிறேன். இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கர்னி டிரைவ் ஓரத்துச் சேற்றில் என் மகனுக்கு நண்டு காட்டிய இடம் இன்று கடலைத் தூர்த்த நிலம். இன்னொரு பக்கம் பினாங்குக் கரையோர மீனவர்கள் சுனாமிக்கு முன்பிருந்தே தங்கள் சங்கத்தின் மூலம் கையாலேயே கண்டல் கன்று நட்டு வருகிறார்கள். பினாங்கு மலைக் காட்டிலிருந்தோ 2017இல், உலகத்துக்கே புதிதாக, ஜியோசெசார்மா ஃபாஸ்டம் என்று ஒரு நண்டுக்குப் பெயர் வைத்தார்கள். கடல் பக்கமே போகாத சாதி. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று சில வளர்ப்பாளர்கள் என்னிடம் ஆசையாகப் பேசியிருக்கிறார்கள். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

போன ஐப்பசியில் சிவப்புக் கொடுக்குப் பெண் ஒன்று வயிற்று மடலுக்குள் முட்டையோடு திரிந்தது. கடுகைவிடச் சின்னது, ஆயிரக்கணக்கில், முதலில் கறுப்புத்தட்டிய பழுப்பு. நாளாக ஆக வெளுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கண்புள்ளி. மூன்று வாரம். இவற்றின் குஞ்சு பிறந்ததும் நண்டு வடிவில் இருக்காது; முள் வைத்த தூசி மாதிரி மிதக்கும். கடலுக்குப் போய்ப் பல தடவை சட்டை மாற்றி, பிறகுதான் கரைக்கு நண்டாகத் திரும்பும். காட்டில் தாய்கள் பெருவெள்ள நாளின் இரவு ஏற்றத்துக்குக் காத்திருந்து, இறங்கும் தண்ணீரோடு அவற்றை அனுப்பிவிடும். கடையில் வாங்கி, யார் யார் தொட்டியிலோ இருந்து வந்த நண்டை ஆற்றில் கொண்டுபோய் விட எனக்கு மனமில்லை. அதோடு என்ன நோய் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கண்ணாடிக் குடுவையில் முழுக்கடல் நீரும் பாசிநீரும் தயார் செய்து வைத்தேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் இரவு, பதினொன்றரைக்கு, முழு வாளியை ஏற்றிவிட்டு டார்ச் அடித்தேன். முட்டைக்காரி தண்ணீர் விளிம்பில் நின்று உடம்பை உலுக்கினாள். டார்ச் வெளிச்சத்துக்குள் புகைபோல ஏதோ எழும்பிப் பரவியது. தற்செயலாக இருக்கலாம். காலண்டர் அவளுக்குத் தெரியாது. ஆனால் என் வாளியின் அளவு தெரிந்திருக்கும். மனைவியை எழுப்பினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரு மணிவரை பார்த்தோம். "எல்லாம் பொழைக்குமா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

குழாயில் உறிஞ்சிக் குடுவைக்கு மாற்றியவை நான்காம் நாள்வரை துள்ளிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் காலையில் குடுவையின் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு. குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தேய்பிறை தொடங்கியிருந்தது, அன்றைக்கு முக்கால் வாளி போதும்.